மேஜை மேல் உப்புக்குப்பி

காந்தியா கடற்கரை
பிப்ரவரி 24, 1987

அன்புள்ள கசில்டா,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. என் வீட்டுக்காரர் பாத்திஸ்தா குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், இன்னும் தட்டு உடைக்கிறார். சாப்பாட்டுக் கடையும் கடலைப் பார்த்துக்கொண்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. எனக்குத்தான் கேடு.

கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மூக்கையும் நாக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. காப்பி வெந்நீராக இருக்கிறது. குங்குமப்பூவும் மரத்தூளும் எனக்கு ஒன்றுதான். சோறு வைப்பதெல்லாம் இப்போது கண்ணாலும் காதாலும்தான். அடியில் காந்தல் பிடிக்கும்போது படபடவென்று சத்தம் வருமே, குனிந்து அதைக் கேட்டுத்தான் இறக்குகிறேன்.

இது பாத்திஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பிரமாதம்" என்கிறார். மீன்காரியும் பிரமாதம் என்கிறாள், பாதிரியாரும் பிரமாதம் என்கிறார். அதனால்தான் பயமாக இருக்கிறது. அலிகாந்தேக்காரர் ஒருவர் கடையை வாங்கி ஹாம்பர்கர் போடப் போகிறாராம். ஈஸ்டருக்குள் பதில் சொல்ல வேண்டும். என் சோறு கெட்டுவிட்டதென்றால் சாவியைக் கொடுத்துவிடுவேன். பாவம் பார்த்து யாரும் என் சோற்றைத் தின்ன வேண்டாம்.

முகத்துக்கு நேரே உண்மை சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த முதல் நற்கருணை விருந்தில், நாற்பது பேர் முன்னால், "ரெமே, சோறு குழைஞ்சு போச்சுடி, கிண்ணத்துல ஊத்திக் குடுத்துடு" என்றாய். நானும் "ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுப் போடி" என்றேன். நீயும் நம் அடுப்படியை விட்டுப் போயே விட்டாய். அன்றைக்குச் சோறு குழையவில்லை, அதை இப்போதும் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. சமையலறைப் பக்கம் வராதே. யாரோ போல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் எழுது.

ரெமேதியோஸ்

---

தெருவேல்
மார்ச் 2, 1987

ரெமே,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறாய், அதிலும் "குழையவில்லை" என்கிறாய். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? குழைந்துதான் இருந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. உப்பு கேட்ட மாட்ரிட்காரரைச் சாப்பாட்டுக்கு நடுவில் எழுப்பி வெளியே அனுப்பியவள் நீ. "என் மேஜையில உப்புக்குப்பி வச்சா அன்னைக்கே கடைய மூடிடுவேன்" என்றவள். அந்த நாக்குக்கா இந்த கதி?

வருகிறேன். ஆனால் நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றுதான் எழுதுவேன். அப்புறம் அழாதே.

கசில்டா

---

தெருவேல்
மார்ச் 16, 1987

அன்புள்ள ரெமே,

நேற்று வந்தேன். பேருந்தை விட்டு இறங்கியதுமே கடல் காற்று முகத்தில் அடித்தது, கால் தானாகவே உன் சமையலறைப் பக்கம் திரும்பியது. சரி, அதை விடு.

உட்கார்ந்த பிறகுதான் நான் செய்த மடத்தனம் உறைத்தது. ஒற்றை ஆளுக்கு பாயெல்லாச் சோறு வைக்கமாட்டோம் என்பது நீயும் நானும் சேர்ந்து போட்ட சட்டம்தானே! அது தெரியாதவள் மாதிரி தன்னந்தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறேன். பாத்திஸ்தா என்னைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தட்டைக் கீழே போடாத குறைதான்.

நல்ல வேளை, ஜன்னலோரம் ஒரு கிழவர் தனியாக மீன் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். எவாரிஸ்தோ என்று பேர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவராம். நானே எழுந்து போய்க் கேட்டேன்.

"ஐயா, உங்களுக்குச் சோறு வேணுமா?"

"வேணுந்தாம்மா. பொஞ்சாதி போனதுலேருந்து எனக்கு யாரு சோறு வைக்கிறா? வாரம் முழுக்க இந்த சூப்புதான்."

"அப்போ வாங்க, ஒரே சட்டியில சாப்பிடலாம். என் பக்கம் மட்டும் கரண்டிய நீட்டக்கூடாது."

"டிக்கெட் இல்லாம அடுத்த பெட்டியில ஏறுறவன் இல்லம்மா நான்."

சட்டி வந்தது. மேஜை மேல் ஒரு உப்புக்குப்பி இருந்தது, ரெமே. எங்கள் மேஜையில் மட்டுமில்லை. சுற்றிப் பார்த்தேன், எல்லா மேஜையிலும் இருந்தது. எவாரிஸ்தோ கரண்டியை எடுப்பதற்கு முன்னால் குப்பியை எடுத்துத் தன் பங்கின் மேல் தூவினார், நெற்றியில் சிலுவை போடுகிற மாதிரி, பழக்கத்தில்.

"ஒரு வாய் வச்சுப் பாக்காமலேவா?" என்றேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தாம்மா. அந்தம்மா கையில இப்போ உப்பு ஏற மாட்டேங்குது. சொன்னா மனசு ஒடிஞ்சு போயிடுவாங்க. போட்டுக்கிட்டா தீந்துச்சு!"

நான் உப்புப் போடாமல் ஒரு வாய் வைத்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். சப்பென்றுதான் இருந்தது. பிறகு கொஞ்சம் தூவிக்கொண்டு மறுபடி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இறால் தலைச் சாறு ஒவ்வொரு பருக்கையிலும் இறங்கியிருந்தது. குங்குமப்பூ தன் அளவில் நின்றது. ஒரு பருக்கை இன்னொன்றோடு ஒட்டவில்லை. அந்தக் காந்தல் இருக்கிறதே, உனக்கு மூக்கு இருந்த காலத்தில்கூட நீ இப்படிப் பிடித்ததில்லையடி. கடைசியில் கிழவரின் கரண்டி என் பக்கம் வந்தது. அதற்கும் காந்தல்தான் காரணம். டிக்கெட் கேட்டேன், சிரித்தார்.

கிளம்பும்போது பாத்திஸ்தா வாசல் வரை வந்தார். "கசில்டா, குப்பியைப் பத்தி அவகிட்ட சொல்லிடாதே. ஆளாளுக்குக் கேட்டாங்க, நான்தான் வாங்கி வச்சேன். அவ வெளிய வரும்போது எடுத்து டிராயர்ல போட்டுடுவேன்" என்றார். பாவம், கண் கலங்கிவிட்டது. அந்த மனிதரைத் திட்டாதே.

ஆனால் பொய் சொல்லவா என்னைக் கூப்பிட்டாய்? உன் சோறு கெடவில்லை. உப்பு மட்டும்தான் குறைகிறது. அதிகமாகிவிடுமோ என்ற பயத்தில் கையை இழுத்துக்கொள்கிறாய், வேறொன்றுமில்லை. சாவியை அந்த ஆளிடம் கொடுத்தாயானால் செத்தாலும் நான் உன்னோடு பேசமாட்டேன்.

கசில்டா

---

காந்தியா கடற்கரை
மார்ச் 20, 1987

என் கசில்டா,

கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். "எல்லா மேஜையிலும்" என்ற இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏப்ரனோடு வெளியே போய் டிராயரை இழுத்தேன். உள்ளே குப்பிகள் கலகலவென்று உருண்டன. பாத்திஸ்தா சுவரோடு சுவராக நின்றார். "ஏன்யா சொல்லல?" என்றேன். "நீ அழுதா எனக்குத் தாங்காது" என்றார். நான் அழுதேன். அவர் தாங்கிக்கொண்டுதான் நின்றார்.

பிறகு மிச்சத்தையும் உட்கார்ந்து படித்தேன். உப்பு மட்டும்தானா? சத்தியமாக உப்பு மட்டும்தானா? இத்தனை நாளும் ராத்திரி ராத்திரி என் சாறு செத்துவிட்டது, என் கை செத்துவிட்டது என்று புரண்டேனே! நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்தது போல இருக்கிறது. அந்தக் காந்தல் வரியை மட்டும் பாத்திஸ்தாவை உரக்கப் படிக்கச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டேன்.

அலிகாந்தேக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். குப்பிகளை பாதிரியாருக்குக் கொடுத்துவிட்டேன். எவாரிஸ்தோ ஐயாவுக்கு இனி ஒற்றை ஆள் சட்டி உண்டு, சட்டம் போட்டவளே மாற்றுகிறேன்.

ஆனால் குப்பி இல்லாமல் ஈஸ்டர் கூட்டத்துக்கு யார் உப்புப் பார்ப்பது? பாத்திஸ்தாவிடம் கேட்டால் கடல் தண்ணீரையும் பிரமாதம் என்பார். உன் ஏப்ரனைத் துவைத்து, கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். சாப்பிட வராதே. உப்புப் போட வா.

வரும்போது அந்தக் குழைந்த பேச்சை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வா. குழையவில்லை.

உன்
ரெமே