ஆர்வேனியா வாசலில் உட்கார இடம்

ஜூலை 12, 2004, திங்கள்

காலையிலிருந்து தூறல். நான் தங்கியிருக்கும் ஈஜிபுரா தெரு முழுக்கச் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடை. ஆபீஸில் புது வேலை: வெளிநாட்டு வீடியோ கேம் ஒன்றுக்காக, ஆர்வேனியா என்ற இல்லாத நாட்டின் பாராளுமன்றத்தைக் கம்ப்யூட்டரில் கட்டவேண்டும். குவிமாடம், தூண்கள், அகலப் படிகள். டீம் லீடர் ஸ்டான்லி சார்: "இது ஓகே ஆனா நீ பர்மனென்ட்மா. சொதப்பிடாதே." சொதப்பினால் சொந்த ஊர் ஆரணிக்கு மூட்டை கட்டவேண்டியதுதான். பெரியப்பா அங்கே மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார்.

வாங்கவேண்டியது: குடை, சோப்பு, கொசுவத்தி.

ஜூலை 15, வியாழன்

தூண்கள் முடிந்தன. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ குறைகிறது, என்னவென்று தெரியாமல் எரிச்சல். உட்கார முடியவில்லை. மூன்று டீ. சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன், பக்கத்து வீட்டு நம்பரில். சர்க்கார் கட்டடம் கட்டுகிறேன் என்றேன்.

"வெளிய உக்கார எடம் வெச்சிருக்கியா?"

"அது பாராளுமன்றம்மா."

"எதுவா இருந்தா என்னாடி. ஜனங்க காத்துனு கெடப்பாங்க இல்ல."

அப்பா போனபிறகு உதவித்தொகைக்காகத் தாலுகா ஆபீஸ் புளியமரத்தடியில் கிடந்தவள். அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

ஜூலை 16, வெள்ளி

வெயில். கை சும்மா இருக்கவில்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு மரம். மரத்தடியில் டைப்ரைட்டரோடு மனு எழுதுபவர். சைக்கிள் ஸ்டாண்டு. டீக்கடை. ஓரத்துத் தூணுக்குப் பின்னால் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் பெண். அவள் கட்டியிருப்பது அம்மாவின் பச்சைப் புடவை. இப்போதுதான் அது சர்க்கார் ஆபீஸ் மாதிரி இருந்தது, சத்தியமாக.

ஸ்டான்லி சார் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பார்லிமென்ட் வாசல்லே டீக்கடையா? அந்த ஊர்லே யாரு மனு எழுதறாங்க? எல்லாத்தையும் தூக்கு."

தூக்கினேன். அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவைத்தேன். தூணுக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்.

ஜூலை 20, செவ்வாய்

மதியம்வரை கரண்ட் இல்லை. நாளை ஃபைல் போகிறது; இப்போது சாரிடம் இருக்கிறது, அவரைக் கேட்காமல் இனி தொட முடியாது. கேமின் முதல் காட்சி என்னவென்று இன்றுதான் சொன்னார் சார். "ஸ்டார்ட் பண்ண உடனே பாம். உன் பில்டிங் டமார்!" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் தூணுக்குப் பின்னால் இருக்கும் பெண் ஞாபகம் வந்தாள்.

பொம்மைதானே. பொம்மைதான். சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அம்மா அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

ஜூலை 21, புதன்

மழை. குடை இன்னும் வாங்கவில்லை. போனதும் சொல்லிவிட்டேன்: தூணுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள், எடுக்கணும் சார்.

"தூக்குன்னு சொன்னேனா இல்லையா? உன்னை நம்பி எப்படிம்மா பர்மனென்ட் பண்றது? போ, டிலீட் பண்ணிட்டுக் குடு."

டிலீட்டில் விரல் வைத்தேன். அழுத்த முடியவில்லை. பெண்ணைப் பிடித்து இழுத்தேன். படி தாண்டி, புல்வெளி தாண்டி, சாலை தாண்டி. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப் பெஞ்சு ஒன்று இருந்தது. உட்கார வைத்தேன். திரும்பினால் பின்னால் சார்.

"அங்கே குண்டு வராதா?"

"வராது சார்."

மௌஸை வாங்கி, பெஞ்சைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி, அனுப்பு. உன் விஷயம் வெள்ளிக்கிழமை பேசலாம்."

சாயங்காலம் பூத். அம்மா லைனுக்கு வந்ததும், "எடம் வெச்சியாடி?"

"வெச்சேன்மா. கொஞ்சம் தள்ளி."