எக்கோ மெஷினில் சைமன்

மே 3, செவ்வாய்

காலையிலேயே அனல். குழாயில் வருவது வெந்நீர்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. மன்னிக்கவும், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இறந்தவர் எனக்கு உறவில்லை. எங்கள் மதம்கூட இல்லை. அழ உரிமை உள்ள அம்மா அவருக்கு இருக்கிறார். நான், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுத்தவள், அவ்வளவுதான்.

சைமன் போய் மூன்று மாதம். கச்சேரி போஸ்டரில் 'ராக் சைமன்' என்று போடுவார்கள். மஞ்சள் காமாலை. டாக்டர் படுக்கச் சொன்னார். "ஒத்துக்கிட்டாச்சு, போகாம இருக்க முடியாது" என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினார். மறுவாரம் கல்லறைக்கு.

அவரோடு கோரஸ் பாடிய பாண்டி அண்ணன் இப்போது மேடை நடுவில் நிற்கிறான். என் கூடப் பிறந்தவன். அதே கிட்டார்.

டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன பஸ்ஸில் பையன்கள். எல்லார் மணிக்கட்டிலும் சைமன் மாதிரி கர்ச்சீப்.

"மாப்ள, சைமன் சாகலடா. பாண்டி பாடுறப்ப பின்னாடி கேக்குதுல்ல?"

"போடா, அது எக்கோ."

"எக்கோன்னா பாண்டி குரல்தானடா திரும்பி வரணும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 5, வியாழன்

வாங்க வேண்டியவை: ரிப்பன், தபால் கார்டு, அம்மாவுக்குத் தைலம்.

இன்ஸ்டிடியூட்டில் ஒன்று நடந்தது. ஆளுக்கு ஒரு பாடம், ஆளுக்கு ஒரு வேகம். திடீரென்று எல்லா மெஷினும் ஒரே தாளத்தில் விழுந்தன. டக்-டடக், டக்-டடக். சைமன் கிட்டாரைத் தொடங்கும் தாளம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் விரல்களும் அதில்தான். சார் ஸ்கேலால் மேஜையைத் தட்டினார். தட்டியதும் அதே தாளம். அவருக்கே தெரிந்து கையை எடுத்துக்கொண்டார்.

மே 6, வெள்ளி

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் பொங்கல். அண்ணன் கச்சேரி. அம்மாவும் நானும் போனோம். புழுதி, கரும்புச் சக்கை, டியூப்லைட்டில் பூச்சி.

மூன்றாவது பாட்டில் கேட்டேன். அண்ணன் அடி முடித்து மூச்சு விட்ட இடத்தில், பின்னால் மெல்ல ஒரு "ம்ம்". சைமன் அடுத்த அடிக்கு முன்னால் செய்வது. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஆடினான். உடனே பெண்கள் பக்கம் குலவை. சாமி வந்தால் போடுகிற அதே குலவை.

"வேதக்காரப் பயலுக்கு, சர்ச்சுக்குப் போனவனுக்குப் போய்க் குலவ போடுறியேடி."

"வந்தது யாருன்னு விசாரிச்சா குலவ போடுவாக? வந்துருச்சு, போட்டேன்."

ஒரு பெரியவர் மேடையேறி அண்ணன் நெற்றியில் திருநீறு பூசி, வழக்கம்போலக் கேட்டார்: "யாரு வந்திருக்கீக?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. அண்ணன் சொன்னான்: "நாந்தான், சைமன்."

அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. எனக்குப் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. அதை எழுத மாட்டேன்.

மே 7, சனி

மைக் செட் காசிம் பாய் வந்தார். அம்மா அழுததைப் பார்த்து விளக்கினார். எக்கோ மெஷினில் துண்டு டேப் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்குமாம். பாடுவதைப் பிடித்து, ஒரு கணம் கழித்துத் திருப்பிக் கொடுத்து, அழித்துவிடும்.

"அழிக்கிற ஹெட் தேஞ்சு போச்சும்மா. சைமன் பாடுன பழசு முழுசா போகாம ஒட்டிக்கிட்டு நிக்குது. புது டேப்பு, புது ஹெட்டு போட்டுர்றேன். அதோட முடிஞ்சுச்சு."

மாற்ற வேண்டாம் பாய் என்று சொல்ல வாயெடுத்தேன். காபி ஆற்றப் போய்விட்டேன்.

மே 10, செவ்வாய்

நேற்று ஒத்தக்கடையில் கச்சேரி. இன்று காசிம் பாய் மறுபடி வந்தார். காபியைத் தொடவில்லை.

"டேப்பு புதுசும்மா. சந்தேகத்துக்கு மெஷினையே அமத்திட்டேன். அப்பவும் வந்துச்சு."

"எங்கிருந்துய்யா வந்துச்சு?" என்றார் அம்மா.

"பாண்டி வாயிலேர்ந்துதான்."

அண்ணன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் எழுந்து சுவரில் சாய்ந்து, "பி.ஏ., ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றான்.

என்னைக் கழுதை என்றுதான் கூப்பிடுவான். பிறந்ததிலிருந்து. எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னைப் பி.ஏ. என்று கூப்பிட்டவர் ஒருவர்தான். அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

தண்ணீர் கொடுத்தேன். சொம்பு கை மாறும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மே 12, வியாழன்

அண்ணன் சாப்பிடவில்லை. எண்ணெய் வாசனை குமட்டுகிறதாம். கண் மஞ்சளாக இருப்பதுபோல் இருந்தது. பல்பு வெளிச்சம் என்று நினைத்தேன். வெயிலுக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். மஞ்சள்தான்.

பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போனோம். டாக்டர் அம்மாவிடம்: "ஒரு மாசம் படுக்கணும். ஆட்டம் பாட்டம்னு கண் முழிச்சா உசுருக்கு நான் பொறுப்பில்ல."

கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம். பாதி துப்பினான்.

"சனிக்கிழமை திருமங்கலம் கச்சேரிக்குப் போக வேணாம்ப்பா" என்று அம்மா கெஞ்சினார்.

"ஒத்துக்கிட்டாச்சு, போகாம இருக்க முடியாது."

வார்த்தை மாறாமல். அம்மாவுக்கு அது தெரியாது. நான் அடுக்களைக்குள் போய் நின்றேன்.

மே 14, சனி

புழுக்கம். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

நாலு மணிக்கு வேன் வந்தது. அப்பா மில்லில். அம்மா வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் தாண்டிப் போனான். தாயைத் தாண்டுகிறவன் இல்லை அவன். காசிம் பாய் வேனிலிருந்து இறங்கி, "பாண்டி, இன்னைக்கு விடுப்பா, வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார். "கூட்டம் எனக்குத்தான் வருது, பாய்" என்று சிரித்தான். மஞ்சள் சிரிப்பு.

அம்மா சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அங்கே கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டியது உங்களிடம்.

சைமன், உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்றும் கூப்பிட்டதில்லை, வாயில் வரவில்லை. இன்னொரு முறை உங்கள் குரலைக் கேட்டால் போதும் என்றுதான் இந்த மூன்று மாதமும் கிடந்தேன். கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகும் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நாள் உங்களிடம் இதைக் கேட்காமல் இருந்தேன்.

இன்று திருமங்கலத்துக்கு வராதீர்கள். அவன் தன் குரலிலேயே பாடட்டும். பையன்கள் கத்துவார்கள், இறங்குடா என்பார்கள். இறங்கி வீட்டுக்கு வரட்டும்.