எக்ஸ்ரேயில் புள்ளி இல்லாதவளுக்கு

படாளத்துக்காரியே,

போன மாதம் உன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெரிய பழுப்புக் கவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, தண்ணீரும் வாங்கிக்கொள்ளவில்லை. கவரிலிருந்து ஒரு எக்ஸ்ரே ஃபிலிமை உருவி என்னிடம் நீட்டினார்.

"அவ பீரோல இருந்திச்சும்மா. ஆஸ்பத்திரில நர்சம்மா கையில காட்டினேன். இது மனுஷங்க எலும்பே இல்லனு திருப்பிக் குடுத்துட்டாங்க. நீதான் அவகூடப் படிச்சவ. பாத்து சொல்லு, இதுல அவளுக்கு இன்னா வியாதி கீது?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் முட்டுக்காட்டுப் பக்கம் நாம் இருவரும் வெல்டிங் பரீட்சைக்குப் போனோமே, அன்றைக்கு நீ ஒட்டிய குழாயின் படம். ஓரத்தில் உன் நம்பர். நடுவில் வெல்டிங் ஓடிய தடம் வெள்ளையாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே அகலத்தில். ஒரு கறுப்புப் புள்ளி கூட இல்லை.

"இது அவ அடிச்ச வெல்டிங்கோட எக்ஸ்ரேம்மா. பாஸானது. இதுல ஒரு குறையும் இல்ல" என்றேன்.

உன் அம்மா அந்தப் படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"குறையே இல்லன்னா பின்ன ஏன் செத்தா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அழுதுகொண்டே அந்தப் படத்தை ஓரக்கண்ணால் இன்னொரு தடவை பார்த்தேன், எங்கேயாவது ஒரு புள்ளி தென்படாதா என்று. செத்துப்போனவள் மேல் பொறாமைப்பட தனியாக ஒரு மனசு வேண்டும். அது எனக்கு இருக்கிறது.

செங்கல்பட்டில் அந்த ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தபோது இருபது ஆண்களுக்கு நடுவில் நாம் இரண்டு பெண்கள். மாஸ்டருக்கு நம் பெயர் நாக்கில் நிற்காது. நீ படாளம், நான் கருங்குழி. என் ஊரில்தான் பஸ் முதலில் வரும். நான் ஏறி, பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து உனக்கு இடம் பிடிப்பேன். படாளத்தில் நீ ஏறி, பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, "தள்ளுடி, எனக்கு ஜன்னலு" என்பாய். நானும் எழுந்து கொடுப்பேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

உன் அப்பா கரும்பு வெட்டப் போனவர், என் அப்பா கதிர் அறுக்கப் போனவர். நம் இரண்டு வீட்டிலும் தொழில் சர்டிபிகேட் என்று ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது கையில் இருந்தால் கம்பெனியில் மாதச் சம்பளம், இல்லாவிட்டால் கிரில் பட்டறையில் தினக்கூலி. உனக்கும் அது வேண்டியிருந்தது, எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் உனக்குத் தொழில் கையில் வந்து உட்கார்ந்தது. முதல் வாரம் எங்கள் எல்லோருக்கும் வெல்டிங் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. உனக்கு மட்டும் ஒட்டவில்லை. என்னுடையதைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். "கருங்குழி, படாளம் கையைப் பாத்துக் கத்துக்கோ" என்று மாஸ்டர் சொல்லாத நாள் கிடையாது.

பார்த்துத்தான் கெட்டேன். உன் கை எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ள, முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, நீ அடிக்கும் வெளிச்சத்தையே பார்த்தேன். இருட்டும்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் பஸ்ஸில் நீ உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக வெட்டிக் கொண்டுவந்து என் கண் மேல் வைத்தாய். மொத்த பஸ்ஸும் வேடிக்கை பார்த்தது.

"இன்னாடி ஆச்சு?"

"தூசு வுழுந்துச்சு."

"ரெண்டு கண்ணுலயுமா? திருட்டுத்தனமா பாக்கறதுக்கு, கேட்டா காட்ட மாட்டனா?"

கேட்டால் காட்டியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. உன்னிடம் கற்றுக்கொண்டு உன்னை ஜெயித்தால் அது ஜெயிப்பா?

அப்புறம் அந்தப் பரீட்சை. கடற்கரையோரம் ஒரு கம்பெனியின் திறந்த ஷெட். சாய்த்து நிறுத்திய குழாயைத் திருப்பாமல், நாம்தான் வளைந்து குனிந்து சுற்றிலும் அடிக்க வேண்டும். உருகும் இரும்பை கேஸ் மூடியபடி இருக்க வேண்டும். காற்றடித்தால் கேஸ் கலைந்து உள்ளே பொத்தல் விழும், எக்ஸ்ரேயில் கறுப்புப் புள்ளியாக நின்று காட்டிக் கொடுக்கும். கடற்கரையில் காற்றுக்குப் பஞ்சமா? யார் எந்தத் தடுப்பில் நிற்கிறார்கள் என்பதில்தான் பாதிப் பரீட்சை.

எட்டு மணி பஸ்ஸுக்குப் போகலாம் என்று உன்னிடம் சொன்னேன். நான் ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். மூன்று பக்கமும் சுவர் உள்ள தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நீ வந்து சேரும்போது மிச்சம் இருந்தது கடலைப் பார்த்த தடுப்பு, பேருக்கு ஒரு கிழிந்த தார்ப்பாய். என்னைப் பார்த்தாய். எங்கேயோ போய் இரண்டு கோணிச் சாக்கு வாங்கி வந்து, தண்ணீரில் நனைத்து, கம்பியில் தொங்கவிட்டாய். ஈரச் சாக்கு கனம், காற்றுக்கு அசையாது. உனக்கு மட்டும் இதெல்லாம் எப்படித் தோன்றும்?

சுவருக்குள் நின்ற எனக்கு மூச்சு முட்டியது. தோல் கோட்டு, கையுறை, கவசம், அதற்குள் ஆறாக வேர்வை. கண்ணில் வேர்வை இறங்கி எதுவும் தெரியவில்லை. மூலையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. காலுக்குத்தானே என்று கீழ்ப்பக்கம் திருப்பி வைத்துப் போட்டுவிட்டேன். கடல் காற்றுக்குப் பயந்து உள்ளே ஒளிந்தவள், நானே காற்றைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

உன் படம் சுத்தம். என் படத்தில் எள்ளைத் தூவின மாதிரி புள்ளி. நீ அதை வாங்கி ஒரே ஒரு தடவை பார்த்தாய்.

"ஃபேனு போட்டியா?"

"இல்லடி. மிஷின்ல கோளாறு."

"சரி" என்றாய். அதோடு விட்டுவிட்டாய். எட்டு வருஷமாக ஊர் பூராவும் மிஷின் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது சொல்கிறேன். ஃபேன் போட்டேன். பஸ் விஷயமும் தெரிந்தேதான் செய்தேன். போதுமா?

உனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. நான் மதுராந்தகத்தில் கிரில் பட்டறையில் நின்றுகொண்டு, இன்னும் இரண்டு தடவை அதே பரீட்சைக்குப் போய்த் தோற்றேன். நாலாவது தடவை பாஸானேன். நீ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாய். நீ போன பிறகு அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதே கம்பெனியில் எனக்கும் வேலை கிடைத்தபோது நீ அங்கே பெரிய ஆள். இடுக்கான மூலையில் ஒரு குழாய் ஒழுகினால் என்னைத் தாண்டிப் பார்த்து, "படாளம் வரலியா?" என்பார்கள். நான் வெல்டிங் டார்ச்சைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேல் பரீட்சைக்கு இருவரும் பெயர் கொடுத்தோம், நினைவிருக்கிறதா? அதில் பாஸானால் குழாய் வேலைக்கே பொறுப்பாளர். அன்று காலை நீ வரவில்லை. காய்ச்சல் என்று போனில் சொன்னாய். எனக்கு விட்டுக்கொடுத்துப் பிச்சை போடுகிறாய் என்று நினைத்தேன். பிச்சையையும் வாங்கத் தெரியாமல் தோற்றுவிட்டு வந்து, உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அடுத்த வருஷம் உனக்கு நிஜமாகவே உடம்பு கெட்டது.

இப்போது மறுபடியும் அந்தப் பரீட்சை வந்தது. பெயர் கொடுத்திருந்தேன். உன் படத்தைப் பார்த்த பிறகு கை ஓடவில்லை. நீ இல்லாத இடத்தில் நான் யாரை ஜெயிப்பது? பெயரை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கப் படாளம் போனபோது, பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அவளும் அப்பிடித்தான் பண்ணா" என்றார்.

"அன்னிக்கு அவளுக்கு ஜுரம்மா."

"ஜுரமும் இல்ல ஒண்ணும் இல்ல. குளிச்சிட்டு, பொட்டு வச்சிக்கினு, பையத் தூக்கிக்கினு வாசல் வரிக்கும் போனா. அப்பால திரும்பி வந்து படுத்துக்கினா. பெயிலாயிட்டா இன்னாம்மா பண்றதுன்னு அழுவுறா. ஒரு தபாகூட தோத்தது இல்லியே, பயம். உன்னத்தான் சொன்னா. 'அந்தக் கருங்குழி மூணு தபா பெயிலாயிட்டு, நாலாவது தபா ஒண்ணுமே நடக்காத மாதிரி போயி நிக்கிறா பாரு. அவளப் பாத்தா எனக்கு வவுறு எரியுதும்மா'ன்னா."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஏண்டி, இதை உயிரோடு இருக்கும்போது என்னிடம் சொல்வதற்கு என்ன? இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் சந்தோஷமாக இருந்திருப்பேன். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். எட்டு வருஷம் நான் மட்டும்தான் எரிகிறேன் என்று நினைத்து எரிந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். உனக்கு இல்லாதது என்னிடம் ஒன்று இருந்திருக்கிறது. அது தோற்கிற தைரியம் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை போய்ப் பரீட்சைக்கு நின்றேன். நேற்று படம் வந்தது. இரண்டு புள்ளி. பெயில்.

பரிசோதனை செய்கிறவர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, "அடுத்த மாசம் இன்னொரு பேட்ச் இருக்கும்மா. அவசரம் இல்ல, வீட்ல யோசிச்சிட்டு சொல்லுங்க" என்றார்.

"யோசிக்க இன்னா சார் கீது? இப்பவே என் பேர எழுதிக்கோங்க" என்றேன்.

பார்த்தாயாடி படாளம்? எரியட்டும் உன் வயிறு.