இரண்டு கரையிலும் பிறந்தவள்

லாஸ் கர்சாஸ், தமௌலிபாஸ்
மார்ச் 3, 2025

என் அருமை மருமகள் அராசெலிக்கு,

இங்கு நானும், என் ஆடும், என் இடது முழங்காலும் நலம். இதில் ஆடு ஒன்றுதான் உண்மையாகவே நலம். உன் நலமும், ரிகோவின் நலமும், வயிற்றில் இருக்கும் மகாராஜாவின் நலமும் அறிய ஆவல்.

எட்டு மாதம் ஒரு வரி கிடையாது. திடீரென்று ஒன்றரை வரி: “மாமா, நான் பிறந்ததை எழுதுங்கள். நாள், இடம் எல்லாம் விவரமாக.” பிள்ளை வந்ததும் தன் பிறப்பைக் கேட்கத் தோன்றுகிறது போலும். நல்லது. இதோ, போன வருடக் காலண்டரின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப்போவதை இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் ஒரு ஜீவன் நம்பாது.

1996, நவம்பர் 19. அன்று பெய்த மழையில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஓடும் நம் ஆறு எழுந்து நின்றது. படுத்த ஆற்றை எல்லோரும் பார்த்திருப்பார்கள். நின்ற ஆற்றைப் பார்த்தவன் நான் ஒருவன். மருத்துவச்சி சோனிட்டா துணி துவைக்கும் தொட்டியில் ஏறி, துடைப்பத்தால் துழாவிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்தக் கரையில், வெஸ்லாகோ பழக் கொட்டகைக்குப் பின்னால், கூலிக்காரர் வரிசையில், நாலாவது அறை. நீ போட்ட முதல் சத்தத்தைத் தேசிய கீதம் என்று நினைத்து, பாலத்தின் இரு முனைக் காவலரும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். பழம் நிறுக்கும் தராசில் உன்னை நிறுத்தோம். மேஸ்திரி உன் உள்ளங்காலில் “முதல் தரம்” என்று முத்திரை குத்தினார். அந்த வருடத்துப் பம்பளிமாஸ் எல்லாம் பிரசவத்தைப் பார்த்த வெட்கத்தில் உள்ளே சிவந்தவை. அதற்கு முன் எல்லாம் வெள்ளைதான்.

போதுமா? இன்னும் வேண்டுமென்றால் எழுது. பக்கத்து வீட்டு ஹோர்தென்சியாவிடம் சொல்ல எனக்கும் ஒரு கடிதம் வேண்டாமா?

இப்படிக்கு,
இரு கரைகளுக்கும் ஒரே உண்மை விளம்பி, ஊர்ப் பொய்ப் போட்டியில் பதினோரு முறை சேவல் கோப்பை வென்ற
எவெரார்தோ மாமா

•

வெஸ்லாகோ, டெக்சாஸ்
மார்ச் 24, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ரிகோவுக்கு வாசித்துக் காட்டினேன். தொட்டி வரும் இடத்தில் சிரித்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வக்கீல் கேட்கச் சொன்னார், எழுத்தில்.

இங்கே பிறந்த பிள்ளை இங்கத்துப் பிள்ளை என்பதை நான் மூச்சு மாதிரி, நினைக்காமலே வைத்திருந்தேன். இப்போது அதற்கு வாதம் நடக்கிறது. அப்பா அம்மாவிடம் குடியுரிமைத் தாள் இல்லாவிட்டால் பிள்ளைக்கும் உரிமை இல்லை என்கிறார்கள். வழக்கு கோர்ட்டில் கிடக்கிறது. ரிகோவிடம் தாள் இல்லையென்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் இருக்கிறதே, பிள்ளைக்கு அது போதும் என்று தைரியமாக இருந்தேன். அதை உறுதி செய்துகொள்ளத்தான் பாஸ்போர்ட் கேட்டு எழுதினேன்.

பதில் வந்தது. நான் இங்கே பிறந்ததாகச் சொல்வது மருத்துவச்சி எழுதிய சான்றிதழ். அதற்கு எதிராக, நான் லாஸ் கர்சாஸில் பிறந்ததாக உங்கள் ஊர்ப் பதிவேட்டில் 2003இல் ஒரு பதிவு இருக்கிறதாம். நகலும் வைத்திருந்தார்கள். கீழே உங்கள் கையெழுத்து. அப்பா என்ற கட்டத்திலும் உங்கள் பெயர். என்ன மாமா இது?

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. சோனிட்டாவும் இல்லை. நான் பிறந்தபோது அந்த அறையில் இருந்தவர்களில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். அந்தப் பதிவு பொய் என்று உங்கள் ஊர் நீதிபதி முன்னால் சத்தியம் செய்து, அதை ரத்து செய்து, அந்த உத்தரவை அனுப்ப வேண்டும். ஜூன் முப்பதுக்குள் இங்கே சேர வேண்டும். பிள்ளை ஆகஸ்டில்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஆட்டைக் கட்டில் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.

உங்கள்
அராசெலி

•

லாஸ் கர்சாஸ்
ஏப்ரல் 20, 2025

அருமை மருமகளே,

ஐயோ, அந்தப் பதிவா! ஆற்றோரத்தில் பாதிப் பேர் இரண்டு தடவை பிறந்தவர்கள்தானே. நீ என்னவோ ஊரில் நடக்காததை நான் செய்துவிட்டதாக எழுதுகிறாய்.

உன் அம்மா வடக்கே செர்ரி பறிக்கப் போகும்போது ஆறு வயதில் உன்னை என்னிடம் அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். டெக்சாஸ் சான்றிதழை வாத்தியார் மீன் மாதிரி மோந்து பார்த்தார். அதற்கு அங்கத்து அரசாங்கத்தின் இன்னொரு முத்திரை வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். தாள் இல்லாத உன் அம்மா டெல்ஃபினா எந்த அரசாங்கத்தின் வாசலில் போய் நிற்பாள்? “பேசாம இங்கயே பொறந்ததா பதிஞ்சுடுப்பா, எல்லாரும் அதத்தான் செய்றாங்க” என்றார். பதிந்தேன். சோளம் சுடுகிறவனும் முடி வெட்டுகிறவனும் சாட்சி. நீ பிறந்ததைக் கண்ணால் பார்த்ததாக இருவரும் அழுதுகொண்டே சொன்னார்கள்.

அப்பா கட்டமா? உன் அப்பன் நீ பிறக்குமுன்பே ஓடியவன். கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த வழியாகப் பதிவேட்டுக்குள் எலி வரும் என்றான் குமாஸ்தா. எங்கே பிறந்தாய் என்று உன்னைக் கேட்டான், லாஸ் கர்சாஸ் என்றாய். இவர் யார் என்றான், அப்பா என்றாய். எல்லாம் ஒரு வாரம் நான் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு சொல் பிசகவில்லை.

கட்டாயம் போகிறேன். இந்த வாரம் நீதிபதிக்கு அம்மை. அடுத்த வாரம் கோர்ட் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது, தேடப் போயிருக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் ஆட்டுக்குப் பிரசவம். அது ஒரே நாட்டில் குட்டி போடும், கவலைப்படாதே.

இப்படிக்கு,
பதிவேட்டிலிருந்து பெயரை அடித்தால் ஆளே மறைந்துபோவானோ என்று அஞ்சும்
எவெரார்தோ மாமா

•

வெஸ்லாகோ
ஜூன் 9, 2025

மாமா,

நீங்கள் போகவே இல்லை. ஹோர்தென்சியா அக்காவுக்கு போன் செய்து கேட்டேன். கூரை இருந்த இடத்தில்தான் இருக்கிறதாம்.

உங்கள் கதைகளைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஆனால் இந்த ஒரு தடவை எனக்கு அவை வேண்டாம். இருபத்தொரு நாள் இருக்கிறது. நான் இங்கே பிறந்தேன் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவர் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிரிக்காமல் ஒரு கடிதம் எழுதுங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அராசெலி

•

லாஸ் கர்சாஸ்
ஜூலை 11, 2025

அராசெலிக்கு,

உன் கடிதம் ஜூன் இருபதில் கிடைத்தது. மறுநாளே மனு கொடுத்தேன். ஜூலை பத்தாம் தேதி கூப்பிட்டார்கள். தேதி தாண்டிவிட்டது என்று தெரியும். உத்தரவு இதனுடன் இருக்கிறது.

நான் உண்மை பேசப்போகிறேன் என்று கேள்விப்பட்டு ஊரே வந்துவிட்டது. நின்றுகொண்டு பார்த்தார்கள். நீதிபதி ஒரு சின்ன வயதுப் பெண். பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“அன்னைக்கும் சத்தியம் பண்ணீங்க, இன்னைக்கும் பண்றீங்க. எந்த நாளு பொய் பெரியவரே?”

“அன்னைக்குத்தாம்மா.”

“அத எத வச்சு நான் நம்புறது?”

“இன்னைக்கு யாரும் சிரிக்கலையேம்மா. நான் பொய் சொன்னா சிரிச்சிருப்பாங்க.”

அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. சோளம் சுடுகிறவன் தன் சாட்சியும் பொய் என்று எழுந்து சொன்னான். முடி வெட்டினவன் செத்துப்போனான். நீதிபதி குமாஸ்தாவின் குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“கொழந்தையே உங்கள அப்பான்னு சொன்னதா எழுதியிருக்கே?”

“அதுவும் நான் சொல்லிக்குடுத்ததுதாம்மா.”

பக்கத்தின் ஓரத்தில் ரத்து என்று எழுதி முத்திரை வைத்தார்கள். இப்போது நீ ஒரு கரையில் மட்டும்தான் பிறந்தவள்.

மூன்று மாதத்தை நான் வீணடித்தேன். ஆடு குட்டி போடவில்லை. அது கிடா.

எவெரார்தோ மாமா

•

வெஸ்லாகோ
செப்டம்பர் 15, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உத்தரவு வந்து சேர்ந்த நாளே வக்கீல் கொடுத்துப் பார்த்தார். காலக்கெடு முடிந்ததால் விண்ணப்பத்தை மூடிவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வருடமோ, மூன்றோ, அவருக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் சத்தியம் செய்த மனிதரின் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்றும் தெரியவில்லையாம்.

ஆகஸ்ட் 22இல் பையன் பிறந்தான். நலம். மூக்கு ரிகோவினது, சத்தம் என்னுடையது. பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது. வழக்கு முடிகிறபோது அது என்னவாகும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அதை என் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

பாலத்தைத் தாண்டி வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று சொல்ல முடியாதாம். ஆகவே பையனைக் கொண்டுவந்து உங்களிடம் காட்ட முடியாது. அவனுக்கு உங்கள் பெயரைத்தான் வைப்பதாக இருந்தேன். தோமாஸ் என்று வைத்திருக்கிறோம்.

கோபம் இல்லை மாமா. ஆனால் கொஞ்ச காலம் எழுதாதீர்கள். உங்கள் கடிதம் வந்தால் முதலில் சிரிப்பு வருகிறது. அப்புறம் மேலே இருக்கும் தேதியைப் பார்க்கிறேன்.

அராசெலி

•

லாஸ் கர்சாஸ்
நவம்பர் 19, 2025

அராசெலி,

எழுதாதே என்றாய். இன்று உன் பிறந்த நாள், அதனால் எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

உன் வக்கீல் பையில் இருக்கட்டும், நீ பிறந்தது இப்படி: மழை இல்லை. ஆறு படுத்தே கிடந்தது. சோனிட்டா நடந்து வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் நாலாவது அறை, காலை பத்து மணி. தராசும் இல்லை, முத்திரையும் இல்லை. வெளியே பழ லாரி நின்றிருந்தது. உன் அம்மா தண்ணீர் கேட்டாள். அவ்வளவுதான். நம்பும்படி எழுதினால் எவ்வளவு சின்னதாக ஆகிவிடுகிறது பார்.

தோமாஸ் நல்ல பெயர். யாருக்கும் தெரியாத பெயராக இருப்பதே அவனுக்கு நல்லது.

நான் ஏன் போகாமல் இருந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் பதிவாளர் அலுவலகம் போவேன். பழைய ஏடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று குமாஸ்தாவிடம் ஏதாவது கதை சொல்வேன். உன் பதிவு இருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தப் பக்கம் போய்விடுமே என்றுதான் நாளைக் கடத்தினேன். உன் தேதியை விட எனக்கு அது பெரிதாகப் போயிற்று. இன்றும் போனேன். ஓரத்து எழுத்து நன்றாகக் காய்ந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில் ஊர் பொய், சாட்சி பொய். கோர்ட்டில் நான் சொன்னது எல்லாம் உண்மை, ஒன்றைத் தவிர. அந்த ஒரு வாரம் முழுக்க உன்னை ‘மாமா’ என்று சொல்லத்தான் பழக்கினேன். அப்பா கட்டம் காலியாக இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் யார் என்று குமாஸ்தா கேட்டதும் நீ ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு அவன் பக்கம் திரும்பி, அப்பா என்றாய். அவன் எழுதினான். நான் திருத்தவில்லை.

அது மட்டும் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

எவெரார்தோ