பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல்

சிவப்பு நூல் கட்டிய உன் பென்டிரைவை இன்றைக்குக் கிருஷ்ணகிரியில், தொழிலாளர் விசாரணையில், அதிகாரி கணினியில் செருகினார். அன்று உன் கடையில் அச்செடுத்த பட்டியலை என் வீட்டுக் கரையான் தின்றுவிட்டது. இது ஒன்றுதான் மிச்சம். நாற்பத்தோரு பெண்களின் பெயர்களும் ஓர் எழுத்துகூடக் குலையாமல் வந்து நின்றன. பார்க்கத்தான் நீ இல்லை.

பல வருஷம் முன்பு பர்கூரில் எங்கள் கல் பாலிஷ் கம்பெனியை மூடியபோது, பெண்கள் யாரும் அங்கே வேலை செய்யவில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். ரிஜிஸ்டரில் எங்கள் பெயர் இல்லை. என் மனதில் இருந்தது: யார் எந்தப் பண்டிகைக்கு முன் சேர்ந்தாள், எந்த மெஷினில் நின்றாள், யாருக்கு விரல் போனது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய உன் டைப்பிங் கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து சொன்னேன், நீ அடித்தாய். முடித்ததும் கேட்டாய்:

"இதுக்கு என்னா இனிஷியல் போடட்டும்?"

"ஃபைலுக்கு ஏதுடி இனிஷியல்?"

"நமக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடி. புள்ளி வச்சு மூணெழுத்து. யாரு வூட்டுப் புள்ளைன்னு மெஷினு அதப் பாத்துதான் சொல்லும். டிஎக்ஸ்டின்னு போட்டா வெறும் எழுத்து. எந்த வூட்டுக்குப் போனாலும் கதவு தொறப்பாங்க."

எங்கள் தொழிற்சங்கச் செயலாளர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "கட்டம் இல்ல, கலர் இல்ல. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ சொன்னா இப்படித்தான் இருக்கும்." ஓசூரில் ஒரு கடையில் கட்டம் போட்டுத் தனியாக அடித்து, சிடியில் வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அந்த ரோஷத்தில் நானும் ஒரு வேலை செய்தேன். பிடிஎஃப்தான் மதிப்பு என்று யாரோ சொல்ல, நீ டீ வாங்கப் போன நேரத்தில் கோப்பின் பெயரில் இருந்த டிஎக்ஸ்டியை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று அடித்தேன். கோப்பு திறக்கவே இல்லை. எல்லாப் பெயரும் போச்சு என்று அழுதேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இனிஷியல மாத்துனா அப்பன் மாறிடுவானாடி? உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கு."

பழையபடி மாற்றினாய், வந்துவிட்டது. உன் சிரிப்பை மட்டும் மன்னித்தேன்.

இன்றைக்குச் செயலாளரின் சிடியையும் போட்டுப் பார்த்தார்கள். அதை அடித்த மென்பொருள் இருந்தால்தான் திறக்குமாம். அந்தக் கடையே இப்போது இல்லை. அவர் தலைகுனிந்து நின்றதை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

வந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அதிகாரி பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றும் பிசகவில்லை. வேலை செய்தவர்கள் என்று எழுதிக்கொண்டார்.

"சொன்னது யாரும்மா?"

"நான்தாங்க."

"அடிச்சது?"

உன் பெயரைச் சொன்னேன். அவர் எழுதியதை எட்டிப் பார்த்து, "இனிஷியல் வுட்டுட்டீங்க சார்" என்றேன். சேர்த்து எழுதினார்.

இதை என் போனில் நானே அடித்தேன். கோப்புக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். முன்னால் உன் அப்பாவின் எழுத்து. பின்னால் ஒரு புள்ளி, நீ சொன்ன மூன்றெழுத்து.