செருப்பு கழன்றது தெரியாத கால்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், நானும் சுகம், என் இரண்டு பாதங்கள் மட்டும் அரைச் சுகம். நீ அங்கே முழுச் சுகமாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் நீ சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நம் டிரை கிளீனிங் மெஷினுக்குப் புரோமோ புரோப்பேன் என்று ஒரு புது கெமிக்கல் வாங்கினேன் அல்லவா, அதை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கொண்டாடினேன். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், எண்ணெய்க் கறை இருந்த இடம் தெரியாது, கோட்டு சுருங்காது, சட்டென்று காய்ந்துவிடும், லேசில் தீயும் பிடிக்காது. தீப்பிடிக்காவிட்டால் ஆபத்தும் கிடையாது என்று உன் அப்பனின் பெரிய மூளை முடிவு கட்டியது. வாசனை இனிப்பாக இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் முன்னால் மூச்சை இழுத்து வேறு காட்டினேன். ஆவியாகி வீணாகிவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். யாராவது அவசரம் என்றால் மெஷின் உலர்த்தி முடிப்பதற்குள் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுத் துணியை உருவிக் கொடுப்பேன்.

கொஞ்ச நாளில் நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் நின்றுவிடும், நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன், யாராவது அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். செருப்புக் கடைக்காரரோடு சண்டை போட்டு ஒரு அளவு சின்னதாக வாங்கினேன். அது கடித்துப் புண்ணானதுகூடத் தெரியாமல், என்ன மெத்தென்று இருக்கிறது என்று அவரிடமே போய்ப் பாராட்டிவிட்டு வந்தேன். தரையில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் அலறினாள். அதற்கு முன்பே நான் தள்ளாடுவதைப் பார்த்து, ஏங்க, கொஞ்சம் ஊதுங்க என்று என் வாயை மோந்து பார்த்தவள் அவள். நரம்பு டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததும், தொட்டீங்கன்னா சொல்றேன் டாக்டர் என்றேன். அவர் வெகு நேரமாகத் தொட்டுக்கொண்டுதான் இருந்தாராம். என்ன வேலை என்று கேட்டு, கெமிக்கல் பெயரையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அதன் ஆவி மூச்சோடு உள்ளே போய் நரம்பைக் கெடுக்குமாம், காற்றைவிடக் கனமாம், சாத்திய அறையில் தேங்கி நிற்குமாம், சாதாரண ரப்பர் கையுறையைத் தாண்டிப் போகுமாம், துணி மாஸ்க் அதற்கு ஒன்றுமே இல்லையாம். உணர்ச்சி மெதுவாகத் திரும்பலாம், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். அன்றே மெஷினை நிறுத்திவிட்டேன், இப்போது தண்ணீரில் துவைக்கிற துணி மட்டும்தான்.

நீ போன வாரம் சொன்னாயே, சோபா கம்பெனியில் மெத்தைக்கு அடிக்கிற பசை இனிப்பாக மணக்குது, சாயங்காலமானா தலை சுத்துது, பழகிட்டா சரியாயிடும்ப்பா என்று. படியில் கால் பின்னியதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். போனை வைத்த பிறகுதான் என் கெமிக்கலின் அதே இனிப்பு வாசனை எனக்கு ஞாபகம் வந்தது. பசை டப்பாவில் புரோமோ என்று எதையாவது கண்டால் அதைத் தொடாதே, நேராக டாக்டரிடம் போய் அந்தப் பெயரைச் சொல். வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. அப்பாவுக்கு என்ன தெரியும் என்று வழக்கம்போல் கேட்காதே, எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா.

நேற்று கடைத் தரையில் கிடந்த ஊக்கு ஒன்று என் குதிகாலில் குத்தியது. ஆ என்று கத்தினேன். வலிக்குதுடி, வலிக்குதுடி என்று குதித்தேன், அம்மா இஸ்திரிப் பெட்டியைப் போட்டது போட்டபடி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், யாருடைய நல்ல சட்டையோ ஒன்று கருகிப்போனது. அவரிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

நீ நீண்ட ஆயுசோடு, கல் தடுக்கினால் கத்துகிற காலோடு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய், இதைப் படித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கால் விரலைக் கிள்ளிப் பார், உடனே போன் பண்ணு.

வலிக்குதுப்பா என்று நீ சொல்வதைக் கேட்கக் காத்திருக்கும்,
அப்பா