வார்னிஷில் ஒட்டிய சாம்பல்

14 ஜூலை 1981, செவ்வாய்

சமையலறை அலமாரிக் கதவுகளைப் புதுப்பிக்க பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து தச்சர் ஆறுமுகத்தை அழைத்திருந்தேன். ஞாயிறன்று உப்புத்தாள் தேய்த்து முடித்ததும், "இன்னிக்கி வார்னிஷ் வாணாங்க சார். காத்து பவர் ஹவுஸ் பக்கத்துலேர்ந்து அடிச்சிக்கினு இருக்குது, சாம்பல் ஒட்டிக்கும்" என்றார்.

ஆபீசில் என்னைத் தாண்டிப் பதவி வாங்கியவர்கள் எனக்குப் பாடம் நடத்துவது போதாதா? "எம்.எஸ்ஸி. படிச்சவனுக்கு நீ காத்தைப் பத்திச் சொல்றியா?" என்று என் மனைவி கமலா எதிரிலேயே கத்தினேன். மரம் சீவும் இழைப்புளியைக்கூட எடுக்காமல் அவர் போய்விட்டார். நானே வார்னிஷ் அடித்தேன். மாலைக்குள் நான்கு கதவுகளிலும் மணல் தூவியதுபோல் சாம்பல்.

இன்று இழைப்புளியை எடுக்க வந்தார். கமலா கதவுகளைக் காட்டிவிட்டாள். அவர் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"சுரங்கத்துக்குன்னு எடுத்துக்கின எங்க நெலத்துக்கு அடியில கெடந்த கரியாச்சே. உங்க வூட்டையும் பாத்துட்டுப் போவ வந்துருக்குது. வுடுங்க சார், தேச்சி எடுத்துடலாம்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "வார்னிஷ் மட்டமான சரக்கு" என்று வந்தது. பண்ருட்டியில் அதைத் தேடி வாங்கி வந்தவரே அவர்தான். கமலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாங்க சார், நான்தான் பாத்து வாங்கியிருக்கணும்" என்றார் ஆறுமுகம்.

நான் மறுக்கவில்லை. தலையை வேறு ஆட்டினேன்.